படத்தைக் கொன்ற பேனா!

1960-ம் ஆண்டின் வசந்த காலம். லண்டன் நகரத்துப் பத்திரிகை விமர்சகர்களுக்கு ஒரு புதுப் படத்தைத் தனியாகப் போட்டுக் காட்டினார்கள்.

படம் முடிந்தது. விமர்சகர்கள் பேனாவை எடுத்தார்கள். அவ்வளவுதான்! சில நாட்களிலேயே அந்தப் படம் கொட்டகையை விட்டு ஓடியது. அதை எடுத்தவரின் தொழிலும் அதோடு சாய்ந்தது.

அதே ஆண்டில் இன்னொரு படமும் வந்தது. அதுவும் கொலைப் படம். அதுவும் திகில் படம். ஆனால் அதை எடுத்தவர் விமர்சகர்களை முன்கூட்டி அழைக்கவே இல்லை. அந்தப் படம் உலகம் முழுவதும் சக்கைப் போடு போட்டது!

முதல் படம் "பீப்பிங் டாம்". இரண்டாவது "சைக்கோ".

யார் இந்த பவல்?

"பீப்பிங் டாம்" என்றால், ஒளிந்து நின்று பிறரைப் பார்ப்பவன் என்று பொருள். படத்தின் டைரக்டர் மைக்கேல் பவல். அவர் சாதாரண ஆள் அல்ல.

"தீஃப் ஆஃப் பாக்தாத்" என்று ஓர் இங்கிலீஷ் படம் 1940-ல் வந்தது. (எம்.ஜி.ஆர். நடித்த "பாக்தாத் திருடன்" வேறு. அது 1960-ல் வந்தது.) மைசூர் யானைப் பாகனின் மகன் சாபு, சீசாவைத் திறந்து பூதத்தை வெளியே விடுவானே, அந்தப் படம்! அதை டைரக்ட் செய்தவர்களில் பவலும் ஒருவர். 1948-ல் வந்த "ரெட் ஷூஸ்" என்ற நாட்டியப் படமும் அவரும் அவருடைய கூட்டாளி எமெரிக் பிரஸ்பர்கரும் சேர்ந்து எடுத்ததுதான். இங்கிலாந்தின் மிகச் சிறந்த டைரக்டர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியவர்.

அப்படிப்பட்டவர் எடுத்த திகில் படத்தில் பேய் இல்லை. பிசாசு இல்லை. ரத்தம் குடிக்கும் பிரபுவும் இல்லை. சினிமா ஸ்டூடியோவில் காமிரா உதவியாளனாக வேலை பார்க்கும் ஓர் இளைஞன்தான் இருக்கிறான். கூச்ச சுபாவம். மெல்லிய குரல். பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

அவன் பெண்களைக் கொல்கிறான்! காமிராவைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலில் கத்தி. காமிராவின் மேல் ஒரு கண்ணாடி. சாகிறவள் தன் முகத்தில் உள்ள பயத்தைத் தானே பார்த்துக்கொண்டு சாக வேண்டும். அந்த முகத்தை அவன் படம் பிடிக்கிறான். பிறகு தனி அறையில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்கிறான்.

ஏன் இப்படி ஆனான்? சிறு வயதில் அவனுடைய தகப்பனார் பயத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். பெற்ற பிள்ளையையே பயமுறுத்தி, அதைப் படமெடுத்து வைத்தவர். அந்தத் தகப்பனார் வேடத்தில் பவலே தோன்றினார். பிள்ளையாக நடித்தது பவலின் சொந்த மகன்!

கதையை எழுதிய லியோ மார்க்ஸ் நிஜ வாழ்க்கையில் ரகசிய இலாகாவில் இருந்தவர். இரண்டாவது உலகப் போரில், எதிரி நாட்டுக்குள் அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் உளவாளிகளுக்கு சங்கேத மொழி அமைத்துக் கொடுத்தவர். பயம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

சாக்கடையில் கொட்டு!

"டிரிப்யூன்" பத்திரிகையின் விமர்சகர் டெரிக் ஹில், இந்தப் படத்தை மண்வெட்டியால் வாரி, பக்கத்தில் உள்ள சாக்கடையில் தள்ளித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற பொருளில் எழுதினார். "அப்சர்வர்" பத்திரிகையின் லெஜூன் அம்மையார் அருவருப்படைந்ததாக எழுதினார். "சண்டே டைம்ஸ்" பத்திரிகையின் டிலிஸ் பவல் அம்மையாரும் விடவில்லை. (பெயர் ஒன்றாக இருந்தாலும் இவர் டைரக்டருக்கு உறவு அல்ல.)

பத்திரிகையை நம்பித்தான் பல வீடுகளில் படத்துக்குப் போகிறார்கள். "இதற்குக் காசு கொடுக்கலாமா? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?" என்பதற்கு விமர்சகர் பதில் சொல்ல வேண்டும். இது பிள்ளைகளுக்கு ஏற்ற படம் அல்ல என்பது உண்மை. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்கக் கூடாது என்று தணிக்கைக்காரர்களே "எக்ஸ்" முத்திரை குத்தியிருந்தார்கள். அதைச் சொல்வது வேறு. படத்தைச் சாக்கடையில் தள்ளச் சொல்வது வேறு.

இத்தனை கோபம் எதற்கு? கொலையா காரணம்? 1962-ல் வந்த "டாக்டர் நோ" படத்தில் உளவாளி ஜேம்ஸ் பாண்ட், தோட்டா தீர்ந்துபோன எதிரியை நிதானமாகச் சுட்டுக் கொல்கிறான். அவனைக் கதாநாயகன் என்றுதான் உலகம் கொண்டாடியது. அடுத்தடுத்துப் படங்களும் வந்தன.

பவல் செய்த குற்றம் வேறு. இருட்டில் உட்கார்ந்து அடுத்தவரின் பயத்தை வேடிக்கை பார்ப்பவன் யார் என்று அவர் கேட்டார். கொட்டகையில் இருந்த எல்லோருமே அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்! விமர்சகர்கள் உள்பட!

வாசலைச் சாத்தினார்!

இனி ஆல்பிரட் ஹிட்ச்காக் கதை. அவரும் பிறப்பால் இங்கிலீஷ்காரர்தான். அமெரிக்காவில் குடியேறியவர். 1955-ல் தொடங்கி டெலிவிஷனில் வாராவாரம் மர்மக் கதை காட்டிவந்தார். அந்த டெலிவிஷன் தொழிலாளர்களையே பெரும்பாலும் வைத்து, சுமார் 8 லட்சம் டாலரில் "சைக்கோ"வை எடுத்து முடித்தார். கலர் கூடக் கிடையாது. குளியலறைக் கொலையில் ஓடும் ரத்தம் சாக்லெட் பாகு! கறுப்பு வெள்ளைப் படத்தில் யாருக்குத் தெரியப் போகிறது?

1960 ஜூன் மாதம் நியூயார்க்கில் படம் வெளியானது. விமர்சகர்களுக்குத் தனிக் காட்சி இல்லை. ஜனங்களோடு ஜனங்களாக உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். படம் தொடங்கிய பிறகு யாருக்கும் அனுமதி இல்லை. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்ற வேண்டுகோள் வேறு.

கதாநாயகி ஜானட் லீ பாதிப் படம் முடிவதற்குள் செத்துப்போகிறாள். தாமதமாக வருகிறவர் கடைசி வரை கதாநாயகியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

இந்தப் படத்தையும் விமர்சகர்கள் எல்லோரும் புகழ்ந்துவிடவில்லை. லெஜூன் அம்மையார் படம் முடியும் முன்பே எழுந்து வெளியே போய்விட்டார். 1928 முதல் "அப்சர்வர்" பத்திரிகையில் எழுதிவந்த அவர், அந்த ஆண்டோடு விமர்சன வேலையையே விட்டுவிட்டார். எழுந்து போனதில் கபடம் இல்லைதான். ஆனாலும் ரகசியம் கடைசிக் காட்சியில் இருக்கிற படத்தைப் பாதியில் விட்டுத் தீர்ப்புச் சொல்வது, உப்புப் போடும் முன்பே குழம்பைக் குறை சொல்வது போலத்தான்.

"நியூயார்க் டைம்ஸ்" விமர்சகர் பாஸ்லி கிரவுதர் முதலில் படத்தைப் பெரிதாகப் பாராட்டவில்லை. ஆண்டு முடிவில் சிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் அதையே சேர்த்துக்கொண்டார்! அதற்குள் கொட்டகைகளின் வாசலில் கூட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான்கு ஆஸ்கார் பரிசுகளுக்கும் படத்தின் பெயர் போயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

34 ஆண்டு கழித்து...

பவலுக்கு இங்கிலாந்தில் பெரிய படம் கொடுக்க ஆள் இல்லை. 1963-64-ல் "எஸ்பியனாஜ்" என்ற டெலிவிஷன் உளவாளித் தொடரில் சில கதைகளை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஆஸ்திரேலியா போய் இரண்டு படங்கள் எடுத்தார். 1970-க்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை.

அவருடைய படங்களைச் சிறு வயதில் பார்த்து மயங்கிய அமெரிக்க டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்சேசி, அவரைத் தேடிப் பிடித்தார். 1979-ல் நியூயார்க் பட விழாவில் "பீப்பிங் டாம்" மறுபடி திரையேறியது. ஸ்கார்சேசி முயற்சியால் மீண்டும் வெளியிடவும்பட்டது. புதிய தலைமுறை அதை வாய் பிளந்து பார்த்தது. ஸ்கார்சேசியின் படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கரை பவல் 1984-ல் மணந்துகொண்டார். கடைசிக் காலத்தில் அவருக்கு மதிப்பு திரும்பியது. பறிபோன ஆண்டுகள் திரும்பவில்லை.

1994-ம் ஆண்டு டிலிஸ் பவல் அம்மையாருக்கு 90 வயது கடந்துவிட்டது. அப்போதும் "சண்டே டைம்ஸ்" பத்திரிகையில் எழுதிவந்தார். "பீப்பிங் டாம்" படத்தை மறுபடி பார்த்து, மறுபடி விமர்சனம் எழுதினார். அது ஓர் உன்னதமான படைப்பு என்று இப்போது ஒப்புக்கொண்டார். மறு உலகத்தில் பேச இடமிருந்தால், மைக்கேல் பவலைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்பது தன் கடமை என்றும் எழுதினார்.

அதைப் படிக்க பவல் இல்லை. 1990 பிப்ரவரியிலேயே, தமது 84-வது வயதில் காலமாகிவிட்டார்.

1995-ல் டிலிஸ் பவல் அம்மையாரும் காலமானார்.