ஃப்ரெண்டுக்கு கிஃப்ட்: கார்டைத் தேய்க்கும் முன் ஒரு நிமிஷம்!

போன வருஷம் ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கு 12,000 ரூபாய்க்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன், அதுவும் இஎம்ஐ-ல. அவன் கையில ஏற்கனவே ஒண்ணு இருந்துச்சு! நான் கடைசி தவணை கட்டறதுக்குள்ள வாட்ச் அவன் மச்சான் கைக்குப் போயிடுச்சு.

இந்த வருஷம் இன்னொருத்தன் வேலை மாறி புனே போனான். "என்னடா வேணும்?"னு நேராவே கேட்டுட்டேன். இண்டக்‌ஷன் ஸ்டவ், 2,000 ரூபாய். தினமும் ராத்திரி சாதம் அதுலதான்.

நண்பர்கள் சேர்ந்து பணமாவே அனுப்பப் போறீங்களா? கல்யாணப் பரிசுக்கு வரி இல்லை. மத்தபடி, உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து வர்ற பணம் ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினா, முழுத் தொகையும் வாங்கினவரோட வருமானத்தில் சேரும். அனுப்பும்போதே அவர்கிட்ட சொல்லிடுங்க.