மாநிறத் தோலும் அமிலப் பூச்சும்

கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்புத் திட்டுகளாகப் படியும் மங்கு, வெயிலாலும் கர்ப்பகால இயக்குநீர் மாற்றங்களாலும் பரம்பரையாலும் தூண்டப்படுவது. ஆதலால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற புறநகர்களில் நாள்தோறும் நெடுந்தொலைவு வெயிலில் சென்று திரும்புவோருக்கு அதைக் கட்டுக்குள் வைப்பது எளிதன்று. களிம்புகள் போதாதபோது தோல் மருத்துவர்கள் கையாளும் ‘கெமிக்கல் பீல்’ என்பது, அமிலக் கரைசலைப் பூசித் தோலின் மேலடுக்கை அளவோடு உரியச் செய்து, நிறமி மிகுந்த செல்களை அகற்றும் முறையாகும்.

தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் செல்கள் மாநிறத்தாரிடம் எண்ணிக்கையில் மிகுதியாக இல்லாவிடினும், அவை சுறுசுறுப்பானவை; சிறு எரிச்சல் நேர்ந்தாலும் கூடுதல் நிறமியைச் சுரந்து, நீக்க வந்த கருமையையே பெருக்கிவிடும். எனவே ஆழமாக ஊடுருவும் ஃபீனால் போன்றவை இத்தோலுக்குத் தவிர்க்கப்பட, கிளைகாலிக், மாண்டலிக், லாக்டிக் அமிலங்கள் மேலோட்டமாக, குறைந்த செறிவில் தொடங்கி, 2 முதல் 4 வாரங்கள் இடைவெளி விட்டுப் பூசப்படுகின்றன. கிளைகாலிக் அமிலம் சில நிமிடங்களில், பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் கரைசலால், செயலிழக்கச் செய்யப்படுகிறது.

சிகிச்சைக்கு முன்பும் பின்பும் சன்ஸ்கிரீன் பூசாவிட்டால் பலன் நிலைக்காது. ஆழத்தில் படிந்த மங்கு முற்றிலும் மறைவதும் அரிது. மருந்துக்கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த ‘சிவப்பழகு’ களிம்புகளோ தோலை மெலியச் செய்து, பருக்களையும் சிவப்பையும் உண்டாக்குகின்றன. அவற்றை நெடுநாள் பூசியவர்கள் அதை மருத்துவரிடம் முன்னரே சொல்லியாக வேண்டும்.