கார் இன்ஜின் சூடாகிறதா? வாட்டர் பம்ப்பைப் பாருங்கள்

வெளியூர் நிக்காஹ்வுக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பும் சகோதரர்கள் டயரில் காற்றைப் பார்ப்பார்கள், பெட்ரோலைப் பார்ப்பார்கள். வாட்டர் பம்ப்பை யாரும் நினைப்பதில்லை. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூலன்ட்டைச் சுற்றவிடுவது அதுதான். அது நின்றுபோனால் சில நிமிடங்களிலேயே இன்ஜின் கொதித்துவிடும். ஹெட் வளைந்தால் பம்ப் விலையைப்போல் பல மடங்கு செலவு.

பெரும்பாலும் பம்ப் சொல்லிவிட்டுத்தான் போகும். அதன் உடம்பில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியே கூலன்ட் கசிந்து, காய்ந்த இடத்தில் கறை படியும். பேரிங் போனால் கரகரவென்று சத்தம் வரும். இன்ஜினை நிறுத்திப் புல்லியை அசைத்தால் ஆடும். சீலை மட்டும் மாற்றலாம் என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுப் பம்ப்பையும் கேஸ்கட்டோடு மாற்றுவதே லாபம். டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட்டையும் கூடவே மாற்றிவிடுங்கள். பிரித்து மாட்டும் கூலி ஒன்றுதான்.

போர் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். உப்பும் துருவும் சீலை அரித்துவிடும். கம்பெனி சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் கூலன்ட்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

வழியில் முள் சிவப்பை நெருங்கினால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிடும்.

வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும் விஷம் அது. பிள்ளைகளோ பூனையோ குடித்தால் உயிருக்கே ஆபத்து.