உணவு உலர்த்தி

உணவு உலர்த்தி என்பது உணவுப் பொருள்களில் உள்ள நீரைச் சூடான காற்றோட்டத்தின் மூலம் வெளியேற்றி, அவை நெடுநாள் கெடாமல் இருக்கச் செய்யும் ஒரு வீட்டு மின்கருவி ஆகும். பழங்கள், காய்கறிகள், மூலிகைகள், இறைச்சி ஆகியவை இதில் உலர்த்தப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர், நெடுந்தொலைவு மலைநடை செல்வோர், வேட்டையாடுவோர் ஆகியோரிடையே இக்கருவி பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது.

வற்றல், கருவாடு முதலியவற்றை வெயிலில் காயவைக்கும் பழைய முறையின் அடிப்படையே இக்கருவியின் அடிப்படையும் ஆகும். உலர்த்துதல் நுண்ணுயிர்களின் வளர்ச்சியை நிறுத்துகின்றதே அன்றி, அவற்றை முற்றாகக் கொல்வதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் பயன்படுத்தும்போது, குறிப்பாக இறைச்சியை உலர்த்தும்போது, நோய் ஏற்படும் வாய்ப்பு உண்டு.

வரலாறு

உணவை உலர்த்திச் சேமித்தல் மிகத் தொன்மையான உணவுப் பாதுகாப்பு முறைகளுள் ஒன்று. வெயில், காற்று, புகை, உப்பு ஆகியவை இதற்குப் பயன்பட்டன. தென் அமெரிக்காவின் அந்தீசு மலைப்பகுதி மக்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தி, சுன்யோ எனப்படும் உணவைச் செய்தனர். வட அமெரிக்கப் பழங்குடியினர் இறைச்சியை மெல்லிய கீற்றுகளாக்கி உலர்த்தினர்.

செயற்கையாகச் சூடாக்கிய காற்றைக் கொண்டு காய்கறிகளை உலர்த்தும் முறை 1795 ஆம் ஆண்டளவில் பிரான்சில் உருவானது. இரண்டு உலகப் போர்களின் போதும் படைவீரர்களுக்கு அனுப்புவதற்காக உலர்ந்த காய்கறிகள் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டன. எடையும் இடமும் குறைவது இதற்கு முதன்மையான காரணம். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் மின் உலர்த்திகள் 1970களில் அமெரிக்கச் சந்தையில் பரவத் தொடங்கின. 1990களில் ரான் பொப்பில் என்பவரின் நீண்ட தொலைக்காட்சி விளம்பரங்கள் இக்கருவியை அந்நாட்டு வீடுகளில் நன்கு அறியச் செய்தன.

அறிவியல் அடிப்படை

உணவு கெடுவதற்குப் பாக்டீரியா, நொதியம், பூஞ்சை ஆகிய நுண்ணுயிர்களும், உணவிலேயே உள்ள நொதிகளும் காரணமாகின்றன. இவை செயற்பட நீர் தேவை. ஆனால் உணவில் எவ்வளவு நீர் உள்ளது என்பதைவிட, அந்நீரில் எவ்வளவு நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கக்கூடியதாக உள்ளது என்பதே முக்கியம். சர்க்கரை, உப்பு முதலியவற்றுடன் பிணைந்த நீரை நுண்ணுயிர்கள் எளிதில் பயன்படுத்த இயலாது.

இதனை அளவிட உதவும் எண் நீர்ச் செயற்பாடு எனப்படும். ஒரே வெப்பநிலையில், உணவிலுள்ள நீரின் ஆவியழுத்தத்தைத் தூய நீரின் ஆவியழுத்தத்தால் வகுத்தால் இது கிடைக்கும். தூய நீரின் நீர்ச் செயற்பாடு 1 ஆகும். நுண்ணுயிர் வளர்ச்சிக்கும் இவ்வெண்ணுக்கும் உள்ள தொடர்பை 1950களில் ஆசுத்திரேலிய நுண்ணுயிரியலாளர் வில்லியம் சேம்சு இசுக்காட் தெளிவாக நிறுவினார். சில முக்கியமான எல்லைகள் பின்வருமாறு. இவை யாவும் ஏறத்தாழ உள்ள மதிப்புகள்.

- 0.97 – 0.99: புதிய பழங்கள், காய்கறிகள், இறைச்சி
- 0.91: உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் இதற்குக் கீழ் வளர்வதில்லை
- 0.85: நச்சு உண்டாக்கும் இசுட்டாபிலோகாக்கசு ஆரியசு என்னும் பாக்டீரியாவின் எல்லை
- 0.80: பெரும்பாலான பூஞ்சைகளின் எல்லை
- 0.75: நிறைவுற்ற உப்புக்கரைசல்
- 0.60: இதற்குக் கீழ் எந்த நுண்ணுயிரும் வளர்வதில்லை

நன்கு உலர்த்திய பழத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு நீர் எஞ்சியிருந்தாலும் அது கெடாமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள சர்க்கரை அந்நீரைப் பிணைத்து வைத்திருப்பதே. சர்க்கரை குறைந்த காய்கறிகளை 10 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவான ஈரம் வரும்வரை உலர்த்த வேண்டும். பழம் தோல்போல் வளையும் நிலையிலும், காய்கறி முறியும் நிலையிலும் எடுக்கப்படுவது இதனால்தான்.

அமைப்பும் இயக்கமும்

உணவு உலர்த்தியில் மின் சூடேற்றி, மின்விசிறி, வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, துளையுள்ள தட்டுகள், காற்று வெளியேறும் வழி ஆகியவை இருக்கும். வெப்பநிலையைப் பொதுவாக 35 °செ முதல் 70 °செ வரை மாற்றி அமைக்கலாம். காற்று செல்லும் திசையைக் கொண்டு இவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம்.

1. நிலைக்குத்துக் காற்றோட்ட வகை: வட்டத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். விசிறி அடியிலோ மேலேயோ இருக்கும். விசிறிக்கு அருகிலுள்ள தட்டு விரைவாக உலர்வதால், தட்டுகளை இடையிடையே இடம் மாற்ற வேண்டும்.
2. கிடைக் காற்றோட்ட வகை: பெட்டி வடிவம் கொண்டது. பின்புறத்திலுள்ள விசிறி எல்லாத் தட்டுகளுக்கும் இடையே காற்றைச் செலுத்தும். உலர்தல் ஓரளவு சீராக இருக்கும்.

காற்றைச் சூடாக்குவதன் பயன் உணவைச் சூடாக்குவது மட்டும் அன்று. காற்றின் நீர் ஏற்கும் திறனும் அதனால் பெருகுகின்றது. எடுத்துக்காட்டாக, 30 °செ வெப்பநிலையும் 80 விழுக்காடு சார் ஈரப்பதமும் உள்ள மழைக்காலக் காற்றை 60 °செ வரை சூடாக்கினால், அதிலுள்ள நீராவியின் அளவு மாறாமலேயே அதன் சார் ஈரப்பதம் ஏறத்தாழ 17 விழுக்காடாகக் குறைந்துவிடும். மழைக்காலத்திலும் இக்கருவியைப் பயன்படுத்த முடிவது இதனாலேயே.

ஓர் எளிய கணக்கு

94 விழுக்காடு நீர் உள்ள 1 கிலோகிராம் தக்காளியை எடுத்துக்கொள்வோம். அதில் திண்மப் பொருள் 60 கிராம் மட்டுமே. 10 விழுக்காடு ஈரம் உள்ள நிலைக்கு உலர்த்தினால் கிடைப்பது 60 ÷ 0.9, அதாவது ஏறத்தாழ 67 கிராம். வெளியேறும் நீர் 933 கிராம். 60 °செ அளவில் 1 கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,360 கிலோசூல் ஆற்றல் தேவை. எனவே இந்நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,200 கிலோசூல், அதாவது 0.6 கிலோவாட் மணி மின்னாற்றல் போதும்.

500 வாட் சூடேற்றி ஒன்று இவ்வாற்றலை ஒன்றேகால் மணி நேரத்திற்குள் வழங்கிவிடும். ஆனால் தக்காளி உலர 10 முதல் 18 மணி நேரம் ஆகின்றது. உணவின் உட்பகுதியிலுள்ள நீர் மெல்லப் பரவி மேற்பரப்பை அடைய எடுத்துக்கொள்ளும் காலமே இத்தாமதத்திற்குக் காரணம். இப்பரவலுக்கு ஆகும் காலம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது. துண்டின் தடிமன் இரு மடங்கானால் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகலாம். ஆதலால் மெல்லிய, சீரான துண்டுகளாக நறுக்குவது இம்முறையில் மிக முக்கியமானது.

வெப்பநிலையை மிகுதியாக உயர்த்தியும் இக்காலத்தைக் குறைக்க இயலாது. மேற்பரப்பு மட்டும் விரைவாக உலர்ந்து ஓடுபோல் இறுகிவிட்டால், உள்ளேயுள்ள நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். பார்வைக்கு உலர்ந்ததுபோல் தோன்றும் அத்துண்டு பின்னர் உள்ளிருந்து பூஞ்சை பிடிக்கும்.

உலர்த்தும் முறை

முன்னேற்பாடு: நன்கு பழுத்த, அழுகல் இல்லாத பொருள்களைக் கழுவி, 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனில் நறுக்க வேண்டும். ஆப்பிள், வாழைப்பழம் போன்றவை கறுக்காமல் இருக்க, அவற்றை எலுமிச்சைச் சாறு அல்லது உயிர்ச்சத்து சி கலந்த நீரில் சில நிமிடங்கள் ஊறவைக்கலாம். பெரும்பாலான காய்கறிகளைக் கொதிநீரிலோ நீராவியிலோ சிறிது நேரம் வைத்து எடுத்தால், நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகள் செயலிழக்கும். வெங்காயம், மிளகாய், காளான் ஆகியவற்றிற்கு இது தேவையில்லை. திராட்சை போன்ற மெழுகுத் தோல் உள்ள பழங்களைக் கொதிநீரில் ஒரு கணம் முக்கி உடனே குளிர்நீரில் இட்டால், தோலில் நுண்ணிய வெடிப்புகள் ஏற்பட்டு நீர் வெளியேற வழி உண்டாகும்.

வெப்பநிலை: வழக்கில் உள்ள அளவுகள் பின்வருமாறு.

- மூலிகைகள், கீரைகள்: 35 – 41 °செ
- காய்கறிகள்: 52 – 60 °செ
- பழங்கள்: 57 – 60 °செ

காலம்: ஆப்பிள் 6 – 12 மணி, வாழைப்பழம் 8 – 10 மணி, கேரட் 6 – 10 மணி, திராட்சை 12 – 20 மணி நேரம் எடுக்கும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும்.

பதம் பார்த்தல்: சூடாக இருக்கும்போது உணவு மென்மையாகத் தோன்றும். எனவே ஒரு துண்டை எடுத்து ஆறவைத்த பிறகே பார்க்க வேண்டும். பழத்தை நடுவில் வெட்டிப் பிழிந்தால் ஈரம் தெரியக்கூடாது.

இறைச்சியும் நோய் அபாயமும்

வட அமெரிக்காவில் இக்கருவியின் முதன்மைப் பயன்களுள் ஒன்று செர்க்கி எனப்படும் உலர் இறைச்சி தயாரிப்பது ஆகும். 1995 ஆம் ஆண்டில் ஓரிகன் மாநிலத்தில், வீட்டில் உலர்த்திய மான் இறைச்சியை உண்ட 11 பேர் எசரிக்கியா கோலை ஓ157:எச்7 என்னும் பாக்டீரியாவால் நோயுற்றனர். இது குருதி கலந்த வயிற்றுப்போக்கை உண்டாக்குவதுடன், சிறுவர்களில் சிறுநீரகச் செயலிழப்புக்கும் காரணமாகக்கூடியது.

கருவியில் 60 °செ என்று அமைக்கும்போது அது காற்றின் வெப்பநிலையை மட்டுமே குறிக்கும். மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும் வரை, மண்பானை நீர் குளிர்வதைப் போலவே, இறைச்சி காற்றைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். நீர் வற்றிய பின்னர் அதன் வெப்பநிலை உயரும். ஆனால் அதற்குள் பாக்டீரியாக்களும் உலர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் தன்மையைப் பெற்றுவிடுகின்றன. ஈரமான நிலையில் அவற்றைக் கொல்லும் வெப்பம் உலர்ந்த நிலையில் போதுவதில்லை. சால்மோனெல்லா போன்றவை உலர்ந்த உணவில் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கக்கூடியவை.

ஆதலால் ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை, உலர்த்துவதற்கு முன்பே மாட்டிறைச்சி போன்றவற்றின் உள்வெப்பநிலையை 71 °செ வரையும், கோழி இறைச்சியின் உள்வெப்பநிலையை 74 °செ வரையும் உயர்த்த வேண்டும் என்று அறிவுறுத்துகின்றது. இதனை வெப்பமானி கொண்டு அளந்து உறுதிசெய்ய வேண்டும். அதன் பின்னர் 54 – 60 °செ அளவில் உலர்த்தலாம். முதற்படி கிருமிகளைக் கொல்கின்றது. இரண்டாம் படி மீண்டும் வளராமல் தடுக்கின்றது. இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

சேமிப்பு

ஒரே தொகுதியிலுள்ள எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் உலர்வதில்லை. எனவே உலர்ந்த பழங்களைக் கண்ணாடிக் குடுவையில் மூன்றில் இரு பங்கு நிரப்பி மூடி, 7 முதல் 10 நாட்கள் வரை நாள்தோறும் குலுக்கிவிட வேண்டும். ஈரம் மிகுந்த துண்டுகளிலிருந்து உலர்ந்த துண்டுகளுக்கு நீர் பரவிச் சமநிலை அடையும். குடுவையின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றினால் மீண்டும் உலர்த்த வேண்டும். பூச்சி முட்டைகள் இருக்கலாம் என்று கருதினால் −18 °செ உறைபெட்டியில் 48 மணி நேரம் வைத்து எடுக்கலாம்.

அமெரிக்காவில் சார்சியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் வீட்டு உணவுப் பாதுகாப்புக்கான தேசிய மையத்தின் வழிகாட்டலின்படி, பெரும்பாலான உலர் பழங்கள் 16 °செ அளவில் ஓராண்டும், 27 °செ அளவில் ஆறு மாதங்களும் தரம் குன்றாமல் இருக்கும். காய்கறிகளுக்கு இதில் ஏறத்தாழப் பாதிக் காலமே. தமிழ்நாடு, ஈழம் போன்ற வெப்பமான பகுதிகளில் அறை வெப்பநிலை பெரும்பாலும் 27 °செ அளவைத் தாண்டுவதால், சிறு சிறு பொதிகளாகக் காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்பெட்டியில் வைப்பது நன்று.

உலர்ந்த உணவை நீரில் ஊறவைத்தவுடன் அதன் நீர்ச் செயற்பாடு உயர்ந்து, அடங்கியிருந்த நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஊற வேண்டியிருப்பின் குளிர்பெட்டியில் வைத்தே ஊறவைக்க வேண்டும்.

ஊட்டச்சத்து

நார்ச்சத்தும் தாது உப்புகளும் உலர்த்துவதால் பெரும்பாலும் இழக்கப்படுவதில்லை. வெப்பத்தாலும் காற்றாலும் உயிர்ச்சத்து சி குறைகின்றது. ஒளி பட்டால் உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரோட்டின்களும் குறையும். நீர் நீங்கி எடை குறைவதால், ஒரே எடையில் உலர்ந்த பழம் புதிய பழத்தைவிடப் பன்மடங்கு சர்க்கரையையும் ஆற்றலையும் கொண்டிருக்கும். நீரிழிவு உள்ளோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

வெயிலில் உலர்த்தலுடன் ஒப்பீடு

பழங்களை வெயிலில் உலர்த்தக் குறைந்தது 30 °செ வெப்பமும் 60 விழுக்காட்டுக்குக் குறைவான சார் ஈரப்பதமும் வேண்டும் என்று மேற்குறித்த மையம் கூறுகின்றது. கடற்கரை ஊர்களில் வெப்பம் இருப்பினும் ஈரப்பதம் மிகுதி. தமிழர் வழக்கில் உப்பும் புளிப்பும் இக்குறையை ஈடுசெய்கின்றன. சுண்டைக்காய், மணத்தக்காளி, மிளகாய் ஆகியவற்றை உப்பிட்ட மோரில் ஊறவைத்துப் பகலில் காயவைத்து, இரவில் மீண்டும் மோரில் இடும் முறை இதற்குச் சான்று. மோரின் அமிலத் தன்மை பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தும். உப்பு நீர்ச் செயற்பாட்டைக் குறைக்கும்.

இவ்வுணவுகளுக்கு வேறொரு பாதுகாப்பும் உண்டு. வற்றல் எண்ணெயில் பொரிக்கப்பட்டோ குழம்பில் கொதிக்கவைக்கப்பட்டோ உண்ணப்படுகின்றது. கருவாடும் சமைத்தே உண்ணப்படுகின்றது. அதாவது கிருமிகளைக் கொல்லும் படி இங்கு இறுதியில் அமைந்துள்ளது. உலர்த்தியிலிருந்து எடுக்கும் பழத்துண்டும் செர்க்கியும் மேலும் சமைக்கப்படாமல் நேரடியாக உண்ணப்படுபவை. எனவே பழத்தில் தூய்மையும், இறைச்சியில் தகுந்த வெப்பமும் உலர்த்துவதற்கு முன்னரே உறுதிசெய்யப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- வற்றல்
- கருவாடு
- ஒடியல்
- உணவுப் பதப்படுத்தல்
- சார் ஈரப்பதம்