காஞ்சியில் ஒரு காதல் வில்

காதல் எப்போது கைகூடும் என்று டாரட் சீட்டு எடுத்துப் பார்த்ததுண்டா? அந்தச் சீட்டுக்கட்டில் 'காதலர்கள்' என்று ஒரு சீட்டு உண்டு. பழைய பிரெஞ்சுக் கட்டுகளில் இரு பெண்களுக்கு நடுவே நிற்கும் இளைஞனின் தலைக்கு மேலே காதல் தெய்வம் க்யூபிட் அம்பைக் குறிவைத்து நிற்பான்.

அந்த வேலைக்கு நம்மிடம் மன்மதன் இருக்கிறானே! கரும்பு வில், பூ அம்பு. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் அவன் சாம்பல். அந்த வில் இப்போது யார் கையில்? காஞ்சி காமாட்சியம்மன் கையில்! கரும்பு வில் நம் மனசாம். ஐந்து பூ அம்புகளும் ஐம்புலன்களை இழுக்கிற சுகங்களாம். அலைபாய வைக்கிற அதே வில்லை, அம்மன் பத்மாசனத்தில் அமைதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போகிறீர்களா? அப்படியே கோயிலுக்கும் போய், மாலைகளுக்கு நடுவே அந்தக் கரும்பைத் தேடிப் பாருங்கள்.