வெண்ணெய்ப்பழத்தை எதற்குப் பதிலாக உண்பது?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்புவோருக்கு வெண்ணெய்ப்பழம் புதியதன்று. மலைச்சரிவுகளில் காப்பிக்கும் ஏலத்திற்கும் நிழல்தரும் மரங்களுக்கிடையே இதுவும் வளர்கிறது. ஊரில் இதனைப் பட்டர் ஃப்ரூட் என்றே கேட்டு வாங்குகிறோம். இலங்கைத் தமிழர் ஆனைக்கொய்யா என்பர். மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பழம் நம் மலைகளில் நன்கு வேரூன்றிவிட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம், கீழ்ப்பழனி மலையிலிருந்து டி.கே.டி. 1 என்னும் இரகத்தையே வெளியிட்டுள்ளது.

மலையில் எளிதாகக் கிடைத்த இப்பழம் இப்போது ‘இதயத்திற்கு நல்லது’ என்ற பெயருடன் நோயாளியின் தட்டிற்கு வருகிறது. அந்தப் பெயர் பொய்யன்று. ஆயினும், யாருக்கு நல்லது, எவ்வளவு நல்லது, எதற்குப் பதிலாக உண்டால் நல்லது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே அதனை அடுப்படிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

100 கிராம் சதையில் ஏறத்தாழ 160 கலோரியும் 15 கிராம் கொழுப்பும் உள்ளன. அக்கொழுப்பில் பெரும்பகுதி கடலை எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் உள்ளதைப் போன்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு 2 கிராம் அளவே. நார்ச்சத்து 6 கிராமுக்கு மேல் உண்டு. சர்க்கரை 1 கிராம்கூட இல்லை. இதனைத் தேங்காயுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 50 கிராம் தேங்காயில் சுமார் 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்க, அதே எடையுள்ள வெண்ணெய்ப்பழத்தில் 1 கிராம்தான் இருக்கிறது. ஆகவே தேங்காய்ச் சட்னியின் இடத்தில் இப்பழம் வந்தால் இதயநோயாளிக்கு ஆதாயம். சட்னியும் இருந்து, எண்ணெயும் இருந்து, அவற்றின் மேல் இப்பழமும் வந்தால், கலோரிதான் கூடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அதற்கு ஈடாக நாள்தோறும் ஒரு பழம் உண்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறைந்தது. 2022-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் சுமார் 1,000 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினர் வழக்கமான உணவை மாற்றாமல் ஆறு மாதம் நாளொரு பழம் உண்டனர். அவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. கொலஸ்டிராலில் சிறு மாற்றமே தென்பட்டது. பழம் ஒன்றே, பதிலாக உண்பதற்கும் கூடுதலாக உண்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அவ்வாய்வுகளில் சொல்லப்படும் ‘ஒரு பழம்’ கைக்கு அடக்கமான சிறிய இரகம். நம் மலைப்பழமோ பலவேளைகளில் அதைப்போல் இரு மடங்கு இருக்கும். எனவே பழக்கணக்கை விட்டு, ஒரு வேளைக்கு மூன்று மேசைக்கரண்டிச் சதை, அதாவது ஏறத்தாழ 50 கிராம், என்று கணக்கிடுவது நன்று.

இனிச் சமையல். எளியது பச்சைக்காய்க் கலவை. வெள்ளரி, தக்காளி, துருவிய கேரட், சிறிது வெங்காயம் ஆகியவற்றுடன் 50 கிராம் பழத்துண்டுகளைச் சேர்த்து, எலுமிச்சைச்சாறும் மிளகுத்தூளும் கொத்துமல்லியும் தூவினால் போதும். எண்ணெய் வேண்டாம், உப்பும் பெரிதாகத் தேவைப்படாது. கேரட், தக்காளி ஆகியவற்றின் நிறச்சத்துகள் கொழுப்பில் கரைபவை. அவற்றோடு வெண்ணெய்ப்பழம் சேரும்போது உடல் அவற்றை மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது.

இட்டிலிக்குத் துவையல் வேண்டுமெனில், இரண்டு பச்சைமிளகாய், ஒரு துண்டு இஞ்சி, ஒரு கைப்பிடி கொத்துமல்லி, ஒரு கரண்டி பொட்டுக்கடலை ஆகியவற்றை அரைத்து, மசித்த பழத்தையும் எலுமிச்சைச்சாற்றையும் கடைசியில் கலக்கவும். தாளிப்பு ஆறிய பின்பே அதில் சேரவேண்டும். இப்பழத்தை நெடுநேரம் சூடாக்கினால் கசந்துவிடும். மோர்க்குழம்பில் தேங்காய் விழுதுக்கு மாற்றாகச் சேர்ப்போரும் அடுப்பை அணைத்து, சற்றே ஆறவிட்டுக் கலப்பதே முறை. சப்பாத்தி மாவு மட்டும் இதற்கு விலக்கு: இரண்டு கோப்பை மாவுக்கு அரைக் கோப்பை மசியல் இட்டு எண்ணெயின்றிப் பிசைந்தால், கல்லில் படும் நேரம் குறைவாதலால் கசப்பு ஏறாது, மறுநாளும் மென்மை குன்றாது.

புதுமை விரும்புவோர் மெக்சிகோவின் குவாக்கமோலேயைச் செய்து பார்க்கலாம். வெங்காயம், மிளகாய், கொத்துமல்லி, தக்காளி, எலுமிச்சை ஆகியவற்றுடன் பழத்தைக் கல்லுரலில் நசுக்கும் இது, பெயரளவில்தான் அயல்நாட்டு உணவு. சுவையில் நம் துவையலின் உடன்பிறப்பே. கேழ்வரகுத் தோசையில் இதனைத் தடவி, அவித்த முட்டைத் துண்டுகளை வைத்துச் சுருட்டினால் ஒரு வேளை உணவாகிவிடும். இந்தோனேசியர் இப்பழத்தைப் பாலுடனும் காப்பியுடனும் அடித்துக் குடிக்கின்றனர். நம் மலைக்காப்பியின் ஆறிய வடிநீரும் ஒரு சிட்டிகை ஏலப்பொடியும் இதற்குப் பொருந்தும். ஆனால் கடைகளில் விற்கும் பட்டர் ஃப்ரூட் ஜூஸை நீரிழிவு நோயாளிகள் தவிர்க்க வேண்டும். பழத்தில் இல்லாத சர்க்கரை முழுவதும் அந்தக் குவளையில் இருக்கிறது.

இக்கட்டுரையில் கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி இனி வருவதே. 100 கிராம் வெண்ணெய்ப்பழத்தில் ஏறத்தாழ 485 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. அது வாழைப்பழத்தில் உள்ளதைவிட மிகுதி. சிறுநீரகம் நன்கு இயங்குவோருக்கு இது நன்மை. சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் தேங்கி, தசைகள் தளர்ந்து, இதயத்துடிப்பே தடுமாறும் நிலை வரலாம். உருளைக்கிழங்கை நறுக்கி வேகவைத்து நீரை வடிப்பதுபோல் இப்பழத்தில் பொட்டாசியத்தைக் குறைக்க இயலாது. இரத்த அழுத்தத்திற்கும் இதயத் தளர்ச்சிக்கும் தரப்படும் எனலாப்ரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. ‘இதயத்திற்கு நல்லது’ என்று வாங்கிவந்த பழம், அதே இதயநோயாளிக்குச் சிறுநீரகக் குறையும் இருப்பின் தீங்காகலாம். கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியம் எவ்வளவு என்று மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டபின் முடிவுசெய்யுங்கள்.

வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் உட்கொள்வோர் இப்பழத்தைத் திடீரென மிகுதியாக உண்ணத் தொடங்கக் கூடாது. மருந்தின் ஆற்றல் குறைந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. இரப்பர் கையுறையால் அரிப்பும் தடிப்பும் ஏற்படுவோருக்கு வாழைப்பழமும் வெண்ணெய்ப்பழமும் ஒவ்வாமல் போகலாம். மறுபுறம், விழுங்கச் சிரமப்பட்டு எடை குறைந்துவரும் நோயாளிக்கு, மருத்துவர் ஒப்பினால், மென்மையான இம்மசியல் சிறிய அளவிலேயே நல்ல ஆற்றல் தரும்.

வெண்ணெய்ப்பழம் மரத்தில் கனிவதில்லை. பறித்த பின்பே கனியும். அரிசிப்பானையிலோ, ஒரு வாழைப்பழத்துடன் காகிதப் பையிலோ வைத்தால் சில நாள்களில் பழுக்கும். காயாக இருக்கும்போது குளிர்பெட்டியில் வைத்தால் சரிவரக் கனியாது. தோலை உண்பதில்லை என்றாலும், வெட்டுமுன் தேய்த்துக் கழுவ வேண்டும். தோலிலுள்ள கிருமியைக் கத்தி சதைக்குள் கொண்டுசெல்லும். புற்றுநோய் மருத்துவத்தில் இருப்போருக்கு இது மிக முக்கியம். கொட்டையை எடுக்க, பழத்தை உள்ளங்கையில் ஏந்திக் கத்தியால் கொத்த வேண்டாம். பலகையில் வைத்துக் கரண்டியால் நெம்பினால் வந்துவிடும். எஞ்சிய பாதியில் எலுமிச்சைச்சாறு தடவி மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் கருப்பது தாமதமாகும், மறுநாளுக்குள் உண்டுவிடுங்கள். தோலையும் கொட்டையையும் குப்பையில் இடலாம். ஆடு, மாடு, கோழி, கிளி எதற்கும் போட வேண்டாம். இம்மரத்தின் இலையிலும் தோலிலும் கொட்டையிலும் உள்ள பெர்சின் என்னும் பொருள் அவற்றுக்கு நஞ்சு.