விருந்துக்கு ஓர் இனிப்புத் தட்டம்

விருந்து என்னுஞ் சொல் பழந்தமிழிற் புதுமையைக் குறித்தது. பின்னர் அது வீட்டுக்குப் புதிதாக வந்தவரைக் குறித்தது. இக்காலத்திலோ வந்தவருக்குப் படைக்கும் உணவையே பெரும்பாலும் குறிக்கின்றது. சொல்லின் பொருள் ஆளிலிருந்து உணவுக்கு நகர்ந்ததைப் போலவே, பல இல்லங்களில் விருந்தின் நடைமுறையும் நகர்ந்துவிட்டது. வந்தவர்கள் முன்விறாந்தையில் அமர்ந்திருக்க, அழைத்த இல்லத்தரசி அடுப்படியில் எண்ணெய்ச் சட்டியின் முன்னே நிற்கின்றாள். பத்து வகைப் பலகாரம் வந்து சேர்கின்றது. அவற்றை ஆக்கியவளின் முகமோ விருந்தினர் விடைபெறும் வேளையிலேதான் தெரிகின்றது. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பலைப் பற்றியது. அதன் இறுதிக் குறள் விருந்தினரின் உள்ளத்தை அனிச்ச மலரோடு வைத்து எண்ணி, வரவேற்பவரின் முகமே விருந்தில் முதன்மையானது என்று கொள்கின்றது. பலகாரத்தின் தொகை அங்கே பேசப்படவில்லை.

இக்குறையைத் தீர்க்க எளிய வழியொன்று இனிப்புத் தட்டம். ஒரு கருத்துக்கு இயைந்த சில இனிப்பு வகைகளை முன்கூட்டியே ஆக்கி, அகன்றதொரு பலகையிலோ தட்டத்திலோ ஒருங்கே அடுக்கி, விருந்தினர் தாமே எடுத்துண்ணுமாறு நடுவில் வைப்பதே அதன் முறை. மேனாடுகளில் இவ்வழக்கம் அண்மைக் காலத்திற் பெருகியுள்ளது. எனினும் இலங்கையருக்கு இது முற்றும் புதியதன்று. சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டன்று பாற்சோறும் கெவுமும் கொக்கிசும் வாழைப்பழமும் பரப்பி வைக்கும் மேசையும், யாழ்ப்பாணத்து மங்கல நிகழ்ச்சிகளில் நிரையாக வைக்கப்படும் பலகாரத் தட்டங்களும் இதற்கு முன்னோடிகள். அவற்றிலுள்ள ஒழுங்கைச் சிறு விருந்துக்கு ஏற்பச் சுருக்கிக் கொண்டாற் போதும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தட்டத்தின் கருப்பொருள். ஒரு பண்டிகை, ஒரு பருவம், ஒரு மரம், ஓர் ஊர் ஆகிய எதுவும் கருப்பொருளாகலாம். அதனாற் பெறும் பெரும்பயன் செலவும் உழைப்பும் குறைதலே. கருப்பொருள் இல்லாதவிடத்து, அயல் வீட்டிற் கண்டதும் கடையிற் கண்டதும் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து தட்டம் பெருத்துவிடும். கருப்பொருள் உள்ளவிடத்து, அதற்குப் பொருந்தாததைத் தயக்கமின்றி விட்டுவிடலாம். விட்டதை எவருங் குறையென்று கருதார். ஐந்து வகை போதும். அவ்வைந்தினுள் மொறுமொறுப்பானது ஒன்று, மென்மையானது ஒன்று, பாகுள்ளது ஒன்று, பழம் ஒன்று, உப்போ உறைப்போ உள்ளது ஒன்று என அமைந்தால் நாக்குச் சலிப்படையாது. இடையே ஒரு முறுக்கைக் கடித்த பின்னரே அடுத்த இனிப்பின் சுவை செவ்வையாகத் தெரியும்.

வடபுலத்தில் ஆவணி, புரட்டாதி மாதங்களிற் பனம்பழம் விழுங்காலத்துக்குப் பனைத் தட்டம் மிகப் பொருத்தமானது. பனம்பழத்திலிருந்து பிழிந்தெடுத்த களியைச் சீனியோடு நன்கு காய்ச்சி, ஆறிய பின் கோதுமை மாவுடன் பிசைந்து, சிறு உருண்டைகளாகப் பொரித்தெடுப்பது பனங்காய்ப் பணியாரம். களியை வேண்டிய மட்டும் காய்ச்சாவிடிற் கசப்புத் தங்கிவிடும். அதே களியைப் பரப்பி வெயிலில் உலர்த்தினாற் பனாட்டு. பனாட்டைப் பாணியில் ஊறவைத்தாற் பாணிப்பனாட்டு. இவற்றோடு, எள்ளையும் பனங்கட்டியையும் சேர்த்திடித்த எள்ளுருண்டை, கடித்துச் சுவைக்கப் புழுக்கொடியல், ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் ஆகியவற்றை வைத்தால் தட்டம் நிறைந்துவிடும். ஓலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டி இரண்டை ஓரத்தில் வைத்தால் வேறு அலங்காரம் வேண்டியதில்லை. நுங்கு இதே மரத்துப் பொருளாயினும், அது பழத்துக்கு முந்திய பருவத்தது. அதனைத் தேடி அலையாது விடுதலே கருப்பொருளுக்கு உரிய ஒழுங்கு.

சித்திரைப் புத்தாண்டுத் தட்டமோ இதனினும் எளிது. வறுத்த பயற்றம் மாவைத் தேங்காய்ப்பூவுடனும் பாகுடனும் சேர்த்துப் பிடித்து, மாக்கரைசலில் தோய்த்துப் பொரித்த பயத்தம் பணியாரமும், பச்சையரிசி மாவிலும் சீனியிலும் ஆகும் சீனி அரியதரமும் அதன் இரு தூண்கள். அவற்றுடன் கொக்கிஸ், முறுக்கு, வாழைப்பழம் ஆகிய மூன்றுஞ் சேர்ந்தால் ஐந்தும் நிறைந்தன. பாகின் குணத்தைப் பயத்தம் பணியாரத்தின் உள்ளீடே தந்துவிடுவதால், பாணிக் கிண்ணம் தனியே வேண்டா.

பல இனத்து நண்பர்கள் கூடும் விருந்துக்கு இலங்கைத் தீவையே கருப்பொருளாகக் கொள்ளலாம். இந்நாட்டு இனிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றைச் சுமந்துள்ளன. 1658 ஆம் ஆண்டு தொடக்கம் 1796 ஆம் ஆண்டு வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியிற் சிறு பணியாரத்தைக் குறிக்குஞ் சொல்லிலிருந்தே கொக்கிஸ் என்ற பெயர் வந்ததென்பர். ரவை, மரமுந்திரிகைப் பருப்பு, முட்டை, பாகிலிட்ட நீற்றுப்பூசணி, பன்னீர் ஆகியவை சேரும் லவ் கேக், ஒல்லாந்தருக்கு முன்னிருந்த போர்த்துக்கீசரின் வழியில் வந்ததாகக் கருதப்படுகின்றது. தொதல் என்பது மலாய் மொழியிலும் வழங்கும் பெயர். வட்டிலப்பம் முஸ்லிம் மக்களின் பெருநாட் பந்தியிற் சிறப்பிடம் பெற்றது. இவற்றோடு ஓர் அரியதரமும் ஒரு கெவுமும் சேர்ந்தால், பலரும் தத்தம் வீட்டு நினைவொன்றை அத்தட்டத்திற் காண்பர்.

ஆயின் இத்தகைய விருந்தில் ஒரு பொறுப்பும் உண்டு. சைவ உணவினர் பலர் முட்டையை விலக்குவர். வட்டிலப்பத்திலும் லவ் கேக்கிலும் முட்டை உண்டு. கடையில் விற்கும் ஜெலித் தூளில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலற்றின் இருக்கக்கூடும். அது சைவருக்கும் ஆகாது. ஹலால் முறையிற் பெறப்படாததாயின் முஸ்லிம்களுக்கும் ஆகாது. அதற்குப் பதிலாகக் கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்தால் யாவரும் உண்ணலாம். நத்தார்க் கேக்கிற் சிலர் பிறண்டி சேர்ப்பர், அதுவும் கவனிக்கத்தக்கது. ஆதலின் முட்டை சேர்ந்தவற்றை வேறொரு தட்டத்தில், வேறு கரண்டியுடன் வைத்தல் வேண்டும். சிறு அட்டையொன்றிற் பெயரை எழுதி முன்னே வைத்தால், கேட்கக் கூசும் விருந்தினர் மனங்குழம்பார். ஒருவர் தமது நோன்பையோ நெறியையோ அறியாது மீறும்படி நேர்ந்தால், எத்தனை இனிப்பும் அவ்வருத்தத்தை ஆற்றமாட்டா.

அளவைப் பற்றியும் தெளிவு வேண்டும். தேநீரோடு மட்டும் பரிமாறுவதாயின் ஒருவருக்கு ஐந்து சிறு துண்டுகள் என்று கொள்ளலாம். இருபது பேருக்கு நூறு துண்டுகள். ஐந்து வகையாயின் வகைக்கு இருபது. முழுச் சாப்பாட்டுக்குப் பின்னரென்றால் ஒருவருக்கு மூன்று துண்டுகளே மிகுதி. துண்டு இரண்டு கடியில் முடியும் அளவினதாக இருத்தல் நன்று. பெருந் துண்டை எடுத்தவர் பாதியை வீணாக்குவார். அல்லது பிறிதொன்றைச் சுவையாது விடுவார்.

வேலையை எந்நாளிற் செய்வது என்பதைப் பண்டத்தின் ஆயுளே தீர்மானிக்கின்றது. ஈரங் குறைந்ததும் சீனி மிகுந்ததும் நெடுநாள் இருக்கும். தேங்காய்ப்பாலும் முட்டையும் ஈரமுங் கொண்டவை விரைவிற் கெடும். ஆதலின் லவ் கேக்கையும் தொதலையும் ஒரு கிழமைக்கு முன்னரே முடித்துவிடலாம். முறுக்கு, அரியதரம், கொக்கிஸ் ஆகியவற்றை மூன்று நான்கு நாளைக்கு முன்னர் சுட்டு, முற்றாக ஆறிய பின்பே தகரப்பேணியில் அடைத்தல் வேண்டும். சூட்டோடு அடைத்தால் ஆவி நீராகி மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். பயத்தம் பணியாரத்துக்கும் எள்ளுருண்டைக்கும் இரண்டு நாள் போதும். வட்டிலப்பத்தை முதல்நாள் அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். விருந்தன்று எஞ்சுவது பழம் நறுக்குதலும் அடுக்குதலுமே. இவ்வாறு பகுத்த வேலையை ஒருத்தியே சுமக்கவும் வேண்டியதில்லை. எள்ளிடித்தல் ஆண்மக்களுக்கும், உருண்டை பிடித்தல் சிறுவர்க்கும், அட்டை எழுதுதல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏற்றவை.

அடுக்கும் முறையிற் சில நுணுக்கங்கள் உண்டு. பித்தளைத் தட்டமாயின் வாழையிலையை விரித்து அதன்மேலேயே பண்டங்களை வைத்தல் வேண்டும். அன்னாசி போன்ற புளிப்புள்ள பழச்சாறு பித்தளையைத் தாக்கும். மரப்பலகையாயின் நிறப்பூச்சு இல்லாததாக இருத்தல் வேண்டும். முதலிற் பாணிக் கிண்ணம், வட்டிலப்பக் கிண்ணம் போன்றவற்றுக்கு இடம் ஒதுக்குக. அடுத்து வாழைச்சீப்புப் போன்ற பெரியதை ஒருபுறம் நிறுத்துக. பின்னர் ஒவ்வொரு வகையையும் தனித்தனிக் கூட்டமாக வைத்து, இடைவெளிகளைச் சிறு உருண்டைகளால் நிரப்புக. மொறுமொறுப்பானது ஈரமானதைத் தொடலாகாது. இடையே இலைத் துண்டொன்றைச் செருகினாற் போதும். நம் நாட்டுப் பலகாரங்களிற் பெரும்பாலானவை தவிட்டு நிறத்தன. ஆதலாற் பச்சை இலையும், மஞ்சள் அன்னாசியும், செம்பப்பாசியுமே தட்டத்துக்கு ஒளி தருவன. மேசையின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. வலைமூடி ஈயைத் தடுக்கும்.

அலங்காரத்துக்குப் பூவைத் தேடுவோர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. கோயிற் பூசைக்கும் வீட்டு வேலிக்கும் பழகிய அலரி, மஞ்சள் அலரி ஆகிய இரண்டும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. பூ, இலை, விதை, பால் ஆகிய யாவும் நஞ்சே. உண்ணும் பண்டத்தினருகே அவற்றை வைத்தலாகாது. குழந்தை ஒன்று வாயில் வைக்க நொடிப்பொழுது போதும். வாழையிலையும் எலுமிச்சைத் துண்டும் செய்யும் அழகுக்கு மேல் வேண்டுவதொன்றில்லை. பாலும் முட்டையும் சேர்ந்தவற்றை வெப்பமான அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடுதலுந் தகாது. நடுப்பகல் வெக்கையில் அந்நேரமும் மிகையே. பாதியை முதலிலும் பாதியைப் பின்னரும் எடுத்து வைப்பது நலம்.

விருந்தினரின் உடல்நிலையும் எண்ணத்தக்கது. நீரிழிவுள்ளோர் இல்லாத கூட்டம் இந்நாளில் அரிது. பனங்கட்டியும் கித்துள் பாணியும் சீனியை விடத் தீங்கற்றவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அவையும் குருதியிற் சீனியை ஏற்றுவனவே. அத்தகையோருக்கு முறுக்கை மிகுதியாக வைப்பதும் தீர்வாகாது. மாவும் அவ்வாறே செய்யும். துண்டைச் சிறிதாக்கி, சீனியில்லாத தேநீரையும், அவித்த கடலை போன்ற உறைப்புப் பண்டத்தையும் உடன் வைத்து, வற்புறுத்தாது விடுதலே உதவி. கச்சான், எள், மரமுந்திரிகைப் பருப்பு ஆகியவை சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கே இடர் விளைக்கும். அவை சேர்ந்தவற்றைப் பெயர் அட்டையிற் குறிப்பிடுக. ஐந்து வயதுக்குட்பட்டோர் கைக்கு முழுக் கச்சானும் முழு முந்திரிகைப் பழமும் எட்டாதிருக்க வேண்டும்; தொண்டையில் அடைபட ஏதுவாகும். ஒரு வயது நிரம்பாக் குழந்தைக்குத் தேனைத் தொட்டு வைத்தலும் ஆகாது.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால், விருந்தினர் படலையைத் திறக்கும் வேளையில் இல்லத்தரசிக்கு எஞ்சியுள்ள வேலை வலைமூடியை எடுப்பதும் தேநீருக்கு நீரைக் கொதிக்க வைப்பதுமே. தட்டத்தைச் சுற்றி அமர்வோருள் அவளும் ஒருத்தியாகின்றாள். எவர் எதனை விரும்பி எடுக்கின்றார், முதியவர் எந்தப் பணியாரத்தைக் கண்டு தம் தாயை நினைக்கின்றார், பிள்ளைகள் எதற்குப் போட்டியிடுகின்றனர் என்பவற்றையெல்லாம் தானே காண்கின்றாள். எஞ்சிய உலர் பலகாரங்களை வாழையிலையிற் பொதிந்து, விடைபெறுவோர் கையிற் கொடுத்தனுப்பலாம். பேணி வெறுமையாகும், பிள்ளைகள் கிண்ணங்களைக் கழுவி வைப்பர், அன்றிரவு அடுப்படி விளக்கு வழமையிலும் முன்னதாக அணைந்துவிடும்.